இரண்டு சில்லில் ஓடும் குடும்பம்

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் விடியற்காலத்தை அறிவிக்கும் ஒலிகள் எவையெனக் கேட்டால், கோயில் மணியோசையையும் சேவலின் கூவலையும் நாம் முதலிற் குறிப்பிடுவோம். அவற்றோடு மூன்றாவதாக ஒன்று சேர்ந்து பல ஆண்டுகளாகிவிட்டன. படலையைத் திறந்து, மோட்டார் சைக்கிளை வெளியே உருட்டி வந்து, காலால் உதைத்து அதனை உயிர்ப்பிக்கும் ஓசையே அது. முதல் உதையிலேயே இயங்கத் தொடங்குவனவும் உண்டு. பத்து உதைக்குப் பின்னும் அடம்பிடித்து, அயல்வீட்டார் அனைவரையும் எழுப்பிவிட்டே புறப்படுவனவும் உண்டு. பொத்தானை அழுத்தினால் இயங்கும் வண்டிகள் இன்று மலிந்துவிட்ட போதிலும், உதைக்கும் ஓசை நம் ஊர்களை விட்டு இன்னும் மறைந்துவிடவில்லை.

அந்த வேளையிற் புறப்படுகிறவர் யார்? கத்தரிக்காய் மூடையைப் பின்னே கட்டிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்கோ சுன்னாகம் சந்தைக்கோ விரையும் தோட்டக்காரர். கடற்கரையில் மீனை ஏற்றிப் பெட்டியிற் பனிக்கட்டி இட்டு ஊர் ஊராய்ச் செல்லும் வியாபாரி. பத்திரிகைக் கட்டுகளை விநியோகிக்கும் இளைஞன். தீவுப்பகுதிப் பள்ளிக்கூடத்துக்கு முதல் மணி அடிக்குமுன் போய்ச் சேரவேண்டிய ஆசிரியர். வெயில் ஏறியதும் அதே வண்டி வேறு வேடம் பூணும். பிள்ளையை ரியூசனுக்குக் கொண்டுபோய் விடும். எரிவாயுச் சிலிண்டரை மாற்றி வரும். நீர் இறைக்கும் இயந்திரத்தைப் பின் கரியரிற் சுமந்துகொண்டு தோட்டத்துக்குப் போகும். வாழைக்குலையை இருபுறமும் தொங்கவிட்டபடி கலியாண வீட்டுக்குப் போகும். கிடாய்க்குட்டி ஒன்று, ஓட்டுநருக்கும் பின்னிருப்பவருக்கும் நடுவே அமர்ந்து, வீதியிற் போவோரை மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டு பயணஞ் செய்வதையும் நாம் கண்டிருக்கிறோம்.

இலங்கையிற் பதிவு செய்யப்பட்ட வாகனங்களுட் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. அவ்வாறிருக்க, மோட்டார் சைக்கிள் என்றவுடன் அதனை இளைஞரின் விளையாட்டுப் பொருளென எண்ணிக்கொள்ளும் வழக்கம் நம் பெரியவர் சிலரிடம் இன்னும் இருக்கிறது. இது நியாயமன்று. கார் வாங்க வகையில்லாத குடும்பத்துக்கு அது கார்; மாட்டு வண்டி மறைந்துபோன ஊருக்கு அது வண்டி; இரவில் அம்புலன்ஸ் வந்து சேருமுன் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் வாகனமும் பல சமயங்களில் அதுவே.

ஆயினும் ஒரு நாள் இந்த வீட்டு வண்டி வேறொரு காரியத்துக்கு அழைக்கப்படுகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மகன், "அம்மா, நான் மோட்டார் சைக்கிளிலேயே கண்டிக்குப் போய்விடுகிறேன், அங்கே எனக்கு அது உதவியாயிருக்கும்" என்கிறான். தாய் மறுக்கிறாள். தந்தை பதில் கூறாமற் பத்திரிகையை எடுத்துக்கொள்கிறார். இக்காட்சி நம் வீடுகளுக்குப் புதியதன்று. ஊருக்குள் ஓடும் வண்டியை 320 கிலோமீற்றர் நெடுஞ்சாலைக்கு அனுப்பலாமா? இக்கேள்விக்கு விடை காண்பதற்கு, இவ்வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்பதைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது.

நம் நாட்டில் ஓடும் சிறிய வண்டிகள் பலவற்றுக்கு முன்னோடி என்று சொல்லத்தக்கது, 1958 ஓகஸ்ட் மாதத்தில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஹொண்டா நிறுவனத்தின் சூப்பர் கப் என்னும் வண்டியாகும். இயந்திரத்தை உருவாக்குவதில் வல்லவரான சொயிச்சிரோ ஹொண்டாவும், வியாபாரத்தைக் கவனித்த தக்கேயோ புஜிசாவாவும் 1956இல் ஐரோப்பாவுக்குச் சென்று அங்கு ஓடிய சிறு வண்டிகளைப் பார்வையிட்டனர். திரும்பி வந்தவர்களின் மனத்தில் இருந்தவர் பந்தய வீரர் அல்லர். உணவுக் கடைப் பையனே அவர்களுடைய கருத்தில் இருந்தான். ஜப்பானிய நகரங்களிற் 'சோபா' என்னும் மாச்சேவை உணவை வீடுகளுக்குக் கொண்டு செல்லும் பையன், ஒரு கையில் உணவுத் தட்டுகளை ஏந்திக்கொண்டு மறு கையால் வண்டியை ஓட்டக்கூடியதாயிருக்க வேண்டும் என்பதே அவர்கள் வகுத்த இலக்கணம்.

இடக்கைக்கு வேலை கொடுக்கும் கிளச் பிடி அதனாலேயே நீக்கப்பட்டது. இயந்திரத்தின் வேகம் கூடும்போது சுழற்சியின் விசையினாலே தானாகப் பற்றிக்கொள்ளும் கிளச் அமைக்கப்பட்டது. கியரைக் காலால் மிதித்து மாற்றினாற் போதுமானது. நடுவே தாழ்ந்த சட்டம் இருந்தமையால், நீண்ட உடை அணிந்த பெண்களும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறி அமர முடிந்தது. முன்னே உள்ள பிளாஸ்ரிக் மறைப்புச் சேறும் காற்றும் காலிற் படாமல் தடுத்தது. செயின் முழுவதும் மூடப்பட்டிருந்தது. அக்காலத்துச் சிறு வண்டிகள் பெரும்பாலும் எண்ணெயைப் பெற்றோலோடு கலந்து எரித்துப் புகை கக்கும் இரண்டு வீச்சு இயந்திரங்களையே கொண்டிருக்க, இது 50 கன சென்ரிமீற்றருக்கும் குறைந்த கொள்ளளவிலேயே நான்கு வீச்சு இயந்திரத்தோடு வந்தது. 2017 ஒக்ரோபரில் இவ்வண்டிக் குடும்பத்தின் மொத்த உற்பத்தி 10 கோடியை எட்டியது. மோட்டார் பூட்டிய வாகனம் வேறெதுவும் உலகில் இத்தனை செய்யப்படவில்லை.

இந்த வமிசத்துப் பிள்ளைகளே நம்மவர் 'சி.50' என்றும் 'சி.90' என்றும் செல்லமாக அழைத்த வண்டிகள். ஜப்பானியத் தபாற்காரருக்கெனச் செய்யப்பட்ட 'எம்.டி.90' வண்டியும் யாழ்ப்பாணத்திலே பெரும் பேர் பெற்றது. கடிதக் கட்டைச் சுமந்து வீடு வீடாக நின்று நின்று செல்வதற்கு அமைந்த வண்டியாதலால், அது நம் ஒழுங்கைகளுக்கும் மூடைகளுக்கும் பொருந்திப்போனதில் வியப்பில்லை. அதனைத் திருத்தத் தெரியாத கராச் இங்கு இருந்ததில்லை.

சிறு இயந்திரத்தின் பொறுமையை நம் மக்கள் முற்றாக அறிந்துகொண்ட காலம் போர்க்காலமாகும். 1990 ஜூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின், வடக்குக்குச் செல்லும் பெற்றோல் தடைப்பட்டது. கிடைத்த சொற்பமும் தங்கத்துக்கு நிகராயிற்று. மண்ணெண்ணெயும் தாராளமாகக் கிடைக்கவில்லை, ஆயினும் கிடைத்தது. நம்மவர் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கிவிட்டனர்.

இது எவ்வாறு இயன்றது? பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகிக் காற்றோடு கலக்கும். ஆதலாற் குளிர்ந்திருக்கும் இயந்திரத்திலும் பிளக்கின் பொறிபட்டுத் தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய் அவ்வாறு எளிதில் ஆவியாவதில்லை. எனவே சிறு போத்தலிற் பெற்றோலை வைத்துக்கொண்டு, புறப்படும்போது சில துளிகளைக் காபுரேற்றருக்குள் விட்டு வண்டியை இயக்குவார்கள். இயந்திரம் சூடேறியபின் அந்தச் சூட்டிலே மண்ணெண்ணெய் ஆவியாகி எரியத் தொடங்கும். பின்னே வெண்புகை எழும். ஊரெல்லாம் விளக்கெண்ணெய் மணம் வீசும். எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரனைக் கடந்து கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும். பிளக்கிற் கரி படியும். ஆகவே பிளக்கைக் கழற்றித் துடைப்பது பல் விளக்குவது போன்ற நித்திய கருமமாயிற்று. அழுத்தம் குறைந்த பழைய இயந்திரங்களே இதைப் பொறுத்துக்கொண்டன என்பதும் குறிப்பிடத்தக்கது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட அதே காலத்தில், அதே மக்கள் கண்டுகொண்ட வித்தை இது. பாடசாலைகளில் இதைப் பௌதிகவியற் பாடமாகக் கற்பித்தாலும் தகும்.

அக்காலத்தில் நெடும்பயணம் என்பது கிளாலியைக் கடப்பதாகும். ஆனையிறவு வழியே செல்லும் பாதை மூடப்பட்டிருந்தமையால், மக்கள் இரவிருட்டிற் கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்தே வன்னிக்கும் தெற்குக்கும் சென்றனர். அப்பயணத்தில் உயிரிழந்தோர் பலர். சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் கூடப் படகில் ஏற்றப்பட்டன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுவாசல்களைத் துறந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோதும், முதியவர்களையும் அரிசி மூடைகளையும் சுமந்த வண்டிகள் நாவற்குழிப் பாலத்துச் சனத்திரளில் அங்குலம் அங்குலமாய் நகர்ந்தன. ஒரு குடும்பத்தின் சொத்தில் எஞ்சியது, ஒரு மோட்டார் சைக்கிளும் அதில் ஏற்ற முடிந்த பொருளுமே என்ற நிலையும் இருந்தது.

பெண்களின் கைக்கு வண்டி வந்த கதையையும் இங்கே சொல்லவேண்டும். 'சாலி' என்று நாம் அழைக்கும் சிறு சில்லு ஹொண்டா வண்டியிற் சேலையணிந்த ஆசிரியைகளும் தாதியரும் செல்லத் தொடங்கியபோது முகஞ்சுளித்தோர் இருந்தனர். பின்னர் இந்தியாவிலிருந்து 'ஸ்கூட்டி' வண்டிகள் வந்தன. முகஞ்சுளித்தோரின் பேத்திமாரே இன்று அவற்றில் வேலைக்குப் போகின்றனர். போரிற் கணவரை இழந்து, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, சந்தைக்குச் சென்று, கிராம சேவகர் காரியாலயத்திற் காத்துநின்று, தனியே குடும்பத்தை நடத்தும் பெண்ணுக்கு அவ்வண்டி எத்தனை மணி நேரத்தை மீட்டுக் கொடுக்கிறது என்பதை, பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்களே அறிவர்.

இனி 2022ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்நியச் செலாவணி வறண்டு, எரிபொருள் நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் வரிசைகள் நீண்ட ஆண்டு அது. நடுப்பகுதியில் அரசாங்கம் கியூ.ஆர். அட்டை முறையைக் கொண்டுவந்தபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் ஒன்றுக்கு 4 லீற்றர் என்று விதித்தது. இந்த 4 லீற்றரை நாம் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். 100 கன சென்ரிமீற்றர் அளவான, ஒழுங்காகப் பேணப்பட்ட வண்டி ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர் ஓடும் எனக் கொள்ளலாம். அப்படியாயின் வாரத்துக்கு 200 கிலோமீற்றர்; நாளொன்றுக்கு 28 கிலோமீற்றர். வேலைக்குப் போய்வரவும், சந்தைக்கும் பள்ளிக்கும் வைத்தியசாலைக்கும் செல்லவும் இது ஒருவாறு போதுமாயிற்று. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஒரு வழிக்கே ஆறரை லீற்றர் வேண்டும். அந்த மாதங்களில் வண்டி இருந்தும் வெளியூர்ச் சாவீட்டுக்குப் போகமுடியாதவர்கள் பலர். வீட்டு வண்டிக்கும் நெடும்பாதை வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிறிய அட்டை அன்று நமக்குக் காட்டிற்று.

அவ்வேறுபாடு பெற்றோலோடு முடிந்துவிடுவதன்று. வண்டி ஒன்றேயானாலும், ஒழுங்கையில் ஓட்டும் பழக்கம் வேறு, நெடுஞ்சாலையில் ஓட்டும் பழக்கம் வேறு. ஒழுங்கையில் நமக்கு நன்மை செய்த பழக்கமே நெடுஞ்சாலையிற் பகையாக மாறுவதுண்டு. தாய்மாரின் அச்சத்தில் உள்ள உண்மை இதுவென்றே நாம் கருதுகிறோம்.

பிறேக்கை எடுத்துக்கொள்வோம். மணலும் சரளைக்கல்லும் நிறைந்த ஒழுங்கையில் முன்பிறேக்கைப் பிடித்தால் முன்சில்லு வழுக்கி ஆள் விழுவார். ஆகவே நம் பிள்ளைகள் சிறுவயது முதல் முன்பிறேக்கை அஞ்சி, பின்பிறேக்கையே மிதித்துப் பழகுகின்றனர். மணலில் இது சரியே. காய்ந்த தார் வீதியிலோ நிலைமை தலைகீழ். பிறேக் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது, பின்சில்லு இலேசாகிவிடுகிறது. நிறுத்தும் வலிமையிற் பெரும்பங்கு அப்போது முன்சில்லிலேயே இருக்கும். பின்பிறேக்கை மட்டும் நம்பி மிதிப்பவரின் பின்சில்லு பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுபடுமேயன்றி, வண்டி நிற்பதில்லை. இரு பிறேக்கையும் சேர்த்து, முன்பிறேக்கை வெடுக்கென்று பிடிக்காமற் படிப்படியாக இறுக்கப் பழகுவதற்கு ஒரு வெறுமையான வீதியில் இரண்டு மாலைப்பொழுதுகள் போதும். அந்த இரண்டு மாலைகளைச் செலவிடாத பிள்ளையைக் கண்டி வீதிக்கு அனுப்ப நாம் சம்மதியோம்.

வேகத்தின் கணக்கும் இப்படிப்பட்டதே. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் செல்கிறது. மாடு ஒன்று குறுக்கே வருவதைக் கண்டு கை பிறேக்குக்குப் போவதற்கு ஒரு செக்கன் ஆகுமெனின், அந்த 14 மீற்றரும் பிறேக் பிடிக்காமலே கழிந்துவிடும். வேகம் 70 ஆனால் அத்தூரம் 19 மீற்றருக்கு மேலாகும். அதன்பின் பிறேக் பிடித்து நிற்கும் தூரமோ வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவதால், 50இற் பிடித்ததைவிட 70இற் கிட்டத்தட்ட இருமடங்காகிவிடும். இருபது கிலோமீற்றர் வேகத்தைக் கூட்டியவன் தனக்குக் கிடைத்த நேரத்தை எண்ணுகிறான். வீதியில் இழந்த தூரத்தை எண்ணுவதில்லை.

இனிப் பாதையைப் பார்ப்போம். ஏ-9 என்று அழைக்கப்படும் கண்டி வீதி, 2002இல் ஒருமுறை திறந்து, 2006 ஓகஸ்டில் மூடுண்டு, 2009இற் போர் முடிந்தபின்னரே படிப்படியாக மீண்டும் மக்களுக்குக் கிடைத்தது. அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால், சாவகச்சேரியையும் கொடிகாமத்தையும் கடந்து பளையை நெருங்கும்போது எழுஞாயிறு நேரே கண்ணிற் குத்தும். பாதை அவ்விடத்திற் தென்கிழக்கு நோக்கியே செல்கிறது. எதிரே வரும் வாகனக்காரருக்கு நாம் நன்கு தெரிவோம். நமக்கோ அவர்களும் தெரியார், வீதியிற் குறுக்கிடும் நாயும் தெரியாது. ஆனையிறவில் இருபுறமும் நீர்வெளி. சோளகக் காற்று வீசும் மாதங்களில் அங்கே வண்டியைப் பக்கவாட்டிற் தள்ளும் விசையை முதன்முறை உணர்பவர் திகைப்பார். காற்றுக்கு எதிர்ப்புறமாகச் சிறிது சாய்ந்து, வேகத்தைக் குறைத்து ஓட்டினால் அச்சமில்லை. பாரவண்டி ஒன்று அருகே கடக்கும்போது அக்காற்று ஒரு கணம் மறைபட்டு மீண்டும் அடிக்கும். விழுத்துவது அந்தக் கணமே.

பரந்தனும் கிளிநொச்சியும் கழிந்தால் முறிகண்டி. எந்த அவசரக்காரரும் பிள்ளையார் முன் வண்டியை நிறுத்தாமற் போவதில்லை. தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்படுவதே வழக்கம். பக்தியை ஒருபுறம் வைத்து நோக்கினும் இவ்வழக்கம் மிகச் சிறந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சிறு ஆசனத்தில் அமர்ந்து வந்தவருக்குக் கால் நீட்டவும், தண்ணீர் குடிக்கவும், வண்டியைச் சுற்றி ஒருமுறை நோக்கவும் அங்கே இடங் கிடைக்கிறது. பொதி கட்டிய கயிறு தளர்ந்திருக்கிறதா, ரயரில் ஆணி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு இதனினும் உகந்த இடமில்லை.

பொதியைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. ஊருக்குள் மரக்கறிப் பையைக் கைபிடியிற் தொங்கவிடுகிறோம். 20 கிலோமீற்றர் வேகத்தில் அது குற்றமில்லை. 60இல் அதே பை ஊசலாடிக் கைபிடியை ஆட்டத் தொடங்கும். பின்சில்லின் அச்சுக்கு அப்பாற் கரியரின் கடைசியிற் கட்டிய பாரம் முன்சில்லை மேலே கிளப்பும். வளைவில் வண்டி சொற்கேளாது. மாணவர்கள் தங்கள் பெட்டியையும் புத்தகங்களையும் பஸ்ஸிலோ, 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வந்த புகையிரதத்திலோ அனுப்பிவிட்டு, வண்டியில் ஒரு மழையங்கியையும், ஒரு பிளக்கையும், கருவிப் பையையும், சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி முதலிய பத்திரங்களையும் மட்டும் கொண்டு செல்வது உத்தமம்.

மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை வழியே வவுனியாவரை வீதி நேராயும் சமமாயும் கிடக்கிறது. நேரான வீதியே இவ்வழியில் நாம் மிக அஞ்சும் வீதி. கண்ணுக்கு வேலையில்லை, இயந்திரத்தின் ஒரே ஓசை தாலாட்டாகிறது, வெயிலோ உடம்பின் நீரை உறிஞ்சுகிறது. காற்றுப் படுவதால் வியர்வை தெரிவதில்லை. தாகமும் உடனே தெரிவதில்லை. இரவிலோ, சூடு ஆறாத தார் வீதியில் மாடுகள் வந்து படுத்துக்கொள்ளும். விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டிகளும் முன்னே போகும். சிறு வண்டியின் விளக்கொளி எட்டும் தூரத்துள் அவற்றைக் கண்டு நிறுத்துவது எளிதன்று. இவ்வீதியை மோட்டார் சைக்கிளில் இரவிற் கடப்பதற்கு நாம் எந்த நியாயத்தையும் ஏற்பதற்கில்லை.

மதவாச்சி, மிகிந்தலை, கெக்கிராவை கடந்து தம்புள்ளையை அடைந்தபின் நிலம் உயரத் தொடங்கும். மாத்தளைக்கு அப்பால் ஏற்றமும் இறக்கமும் வளைவும் கலந்து வருகின்றன. சமநிலத்து யாழ்ப்பாணத்தான் மலையிறக்கத்தை அறியான். கியரை மேலே வைத்தபடி பிறேக்கை விடாமல் மிதித்துக்கொண்டு இறங்கினாற் பிறேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியரைக் குறைத்து, இயந்திரத்தையே கடிவாளமாகக் கொண்டு இறங்குவது மலைநாட்டாரின் முறை. அம்முறையை அங்குள்ள எந்த வண்டிக்காரரும் மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார்.

தலைக்கவசத்தைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தல் இயலாது. அரேபியப் பாலைவனப் போரினாற் புகழ்பெற்ற ரி. ஈ. லோறன்ஸ், 1935 மே 13ஆம் திகதி இங்கிலாந்தில் தம் வீட்டுக்கு அருகே மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். எதிர்பாராத இடத்திற் சைக்கிளிற் சென்ற இரு சிறுவரைக் காப்பாற்ற வண்டியைத் திருப்பி வீழ்ந்தார். தலையிற் கவசம் இல்லை. ஆறு நாட்களின் பின் உயிர் நீத்தார், வயது 46. அவரைப் பார்வையிட்ட மருத்துவருள் ஹியூ கெய்ன்ஸ் என்னும் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒருவர். அந்த மரணம் அவர் மனத்தை விட்டகலவில்லை. இரண்டாம் உலகப் போரிற் செய்தி கொண்டு செல்லும் படைவீரர் பலர் வண்டியிலிருந்து விழுந்து இறப்பதை ஆராய்ந்து, கவசம் அணிந்தோர் எவ்வாறு பிழைக்கின்றனர் என்பதை 1941இல் எழுதி வெளியிட்டார். அவ்வாண்டு இறுதியிலேயே பிரித்தானிய இராணுவம் தன் வண்டியோட்டிகளுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பிற்காலத்தில் உலகெங்கும் செய்யப்பட்ட ஆய்வுகளைத் திரட்டி நோக்கியபோது, கவசம் மரண அபாயத்தை ஏறக்குறைய 42 வீதமும், தலைக்காயத்தை 69 வீதமும் குறைப்பதாகத் தெரியவந்தது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது, பொலிசாரும் நிற்கின்றனர். ஆகவே தந்தையின் தலையிற் கவசம் இருக்கிறது. ஆனால் நாடிப்பட்டி பூட்டப்படாமல் ஆடுகிறது. தாயின் தலையிலும் ஒன்று இருக்கிறது. இருவருக்கும் நடுவே நெருக்குண்டு இருக்கும் பிள்ளையின் தலையிலும், முன்னே தாங்கியின்மேல் அமர்ந்து கைபிடியைப் பற்றியிருக்கும் சின்னவனின் தலையிலும் ஒன்றுமில்லை. பட்டி பூட்டாத கவசம் விழுந்தவுடன் தலைக்கு முன்னே உருண்டோடிவிடும். சின்னவனுக்கோ உருண்டோடவும் ஒன்றில்லை. நால்வரை ஏற்றுவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. குடும்பத்தின் பணமுடையே அவர்களை அவ்வாறு ஏற்றுகிறது. இதை நாம் அறிவோம். எனினும் பிறந்தநாளுக்குச் சட்டை வாங்கும் வீட்டில், பிள்ளையின் தலைக்குப் பொருந்தும் கவசம் ஒன்று வாங்குவதற்கு ஏன் எண்ணம் எழுவதில்லை என்பது விளங்கவில்லை.

மகன் கேட்ட கேள்வி இன்னும் நிற்கிறது. நமது விடை இது. ஊரில் ஓடிய அனுபவம் மட்டும் உடையவன், முதற்பயணத்திலே தனியே 320 கிலோமீற்றர் செல்லலாகாது. முன்னர் சென்று வந்த ஒருவரோடு, பகலில், முதல்நாள் வவுனியாவில் உறவினர் வீட்டிற் தங்கி, மறுநாட் காலை புறப்பட்டுச் செல்லட்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் வேண்டாம். வண்டியையும் அதற்கு முன்னர் கராச்சுக்குக் கொண்டுபோய், எண்ணெய் மாற்றி, பிறேக்கையும் ரயரையும் செயினையும் பார்ப்பிக்கட்டும். இவற்றுக்கு உடன்படாத மகன் புகையிரதத்தில் ஏறட்டும். வண்டி வீட்டிலேயே நின்று தந்தைக்கு உதவட்டும்.

போய்ச் சேர்ந்தபின் வண்டியை மறந்துவிடுவோர் பலர். நெடும்பயணத்தில் இயந்திரம் பல மணி நேரம் சூடாகவே ஓடியிருக்கும், எண்ணெய் குறைந்திருக்கும். செயின் நீண்டு தொய்ந்திருக்கும். நடுச் சட்டத்தில் வண்டியை நிறுத்தி, செயினின் கீழ்ப்பக்கத்தை விரலால் மேலே தூக்கிப் பார்க்கும்போது, இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் ஆடினால் இறுக்கவேண்டும். பின்சில்லைக் கையாற் சுழற்றிப் பல இடங்களில் இதைப் பார்க்கவேண்டும். ஏனெனிற் தேய்ந்த செயின் ஓரிடத்தில் இறுகியும் மறு இடத்திற் தளர்ந்தும் இருக்கும். அதன்பின் இரண்டு துளி எண்ணெய் விட்டு, ரயர்களின் காற்றையும் பார்த்துவிட்டாற் போதும்.